எங்கிட்டுப் போறதுன்னு கேட்டாயே, தம்பி

என் ஆசைத் தம்பி முத்தையாவுக்கு,

அக்கா அடைக்கி எழுதுவது. நீ போன ஊருக்குத் தபால் உண்டா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் எழுதுகிறேன். நாளை மறுநாள் உன் திவசம். படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, அந்தி நேரத்தில் உன் வண்டிக் கொட்டகையில் உட்கார்ந்து இதை உரக்கப் படிக்கப் போகிறேன். கேட்பதற்கு அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். யார் யார் என்று போகப் போகச் சொல்கிறேன், நீ அவசரப்படாதே. உனக்கு எல்லாவற்றிலும் அவசரம். பாரம் ஏற்றுவதிலும் அவசரம், சாவதிலும் அவசரம்.

முதலில் ஊர்ச் சேதி. சீமையில் நடக்கும் சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பாகிவிட்டது, வீட்டுக்கு வீடு இலுப்பெண்ணெய் விளக்குத்தான். உன் செவலைக் காளையை வாங்கிப்போன வல்லத்திராக்கோட்டைக்காரர் அதை நன்றாகத்தான் வைத்திருக்கிறார். போன சந்தையில் பார்த்தேன். என்னைக் கண்டதும் தலையைத் தூக்கி, எனக்குப் பின்னால் பார்த்தது. உன்னைத் தேடியிருக்கும். கண்மாய் நிறைந்தது. கடலை நன்றாகக் காய்த்தது. உன் அத்தான் குடிப்பதில்லை.

அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு நானே இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். நீயும் படித்துக்கொள்.

நீ என்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மாசி மாதம் அது. கொடும்பாளூர்ப் பக்கம் பாரம் இறக்கிவிட்டு வந்திருந்தாய். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாய், சாட்டையைக் கொட்டகை ஆணியில் மாட்டினாய், துண்டை உதறித் தோளில் போட்டாய். வயிறு அப்போதே ஊதத் தொடங்கியிருந்தது. கண் மஞ்சள் பூத்திருந்தது. வெளியே உன் கூட்டாளி சோலை நின்றுகொண்டு உனக்காகச் சீட்டியடித்தான். நான் கொட்டகை வாசலில் குறுக்கே நின்றேன்.

"இன்னைக்கு நீ சாராயக்கடைக்குப் போகணும்னா என் பொணத்தத் தாண்டித்தான்டா போகணும்" என்றேன்.

நீ கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நான் மறந்திருப்பேன். "சரிக்கா, போகல. பொழுது எறங்கிருச்சு. இப்ப நான் எங்கிட்டுப் போறது? ஒரு எடஞ் சொல்லு, அங்கிட்டுப் போறேன்" என்றாய்.

"வீட்டுல கெட" என்றேன். எந்த வீட்டில்? உன் பெண்சாதி பிரசவத்தில் போனபிறகு அந்த வீட்டில் பல்லி கத்துவதைத் தவிர வேறு சத்தம் ஏது? நீ சிரித்துவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாய். அடுத்த மழை வந்தபோது நீ இல்லை.

உன்னைத் தூக்கிய அன்று நான் சோலை தலையில் மண்ணை வாரித் தூற்றினேன். "என் தம்பியக் கூட்டிக்கிட்டுப் போயே கொன்னவன் நீ. இனி என் வாசப்படிய மிதிச்ச, காலு இருக்காது" என்று தெருவே பார்க்கக் கத்தினேன். அவன் மண்ணைத் தட்டிவிடாமல் அப்படியே நின்றான். அதற்காகவும் அவனைத் திட்டினேன்.

உன்னோடு இது முடிந்தது என்று நினைத்தேன். எங்கே முடிந்தது? உன் அத்தான் அதுவரை நல்ல நாள், கெட்ட நாள் என்றுதான் குடிப்பார். உன் பதினாறாம் நாள் காரியத்தோடு எல்லா நாளும் கெட்ட நாளாகிவிட்டது. "என் மச்சினன் போயிட்டானே" என்று சொல்லிச் சொல்லிக் குடித்தார். நீ பார்த்திருந்தால் நீயே, "அத்தான், என் பேரச் சொல்லி ஏன் குடிக்கிறீங்க, உங்களுக்குப் பேரு இல்லையா?" என்று கேட்டிருப்பாய். ஒரு நாள் காலையில் முகம் கழுவ உட்கார்ந்தவரின் கை நடுங்கி, செம்பு வழுக்கித் தரையில் உருண்டது. உன் கை நடுங்கிய அதே நடுக்கம். அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். இன்னொரு பாடையை இந்த வீட்டிலிருந்து தூக்க விடமாட்டேன், நீ கேட்ட இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தே தீருவேன் என்று.

தேடினால் கிடைக்கும் என்பார்கள். ஆனால் முதலில் கிடைப்பதெல்லாம் வேறு ஏதோ ஒன்றாக இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை.

புதுக்கோட்டை டவுனில் மதுவிலக்குக் கூட்டம் நடக்கிறது என்று கேள்விப்பட்டு அவரை அழைத்துக்கொண்டு போனேன். காலைப் பொழுது. பந்தல், நாற்காலி, பன்னீர்ச் செம்பு எல்லாம் இருந்தன. மூக்குக்கண்ணாடி போட்ட வக்கீல் ஒருவர் குடி குடியைக் கெடுக்கும் என்று ஆரம்பித்து வெகுநேரம் பேசினார். நல்ல குரல். குடலின் படம் ஒன்றை விரித்துக் காட்டினார். பேச்சின் நடுவே, "இங்கே குடிப்பழக்கம் உள்ளவர்கள் கை தூக்குங்கள்" என்றார். அத்தனை பெரிய கூட்டத்தில் ஒரே ஒரு கைதான் எழுந்தது. உன் அத்தானுடையது! மனிதர் அப்பாவியாகத் தூக்கிவிட்டார். பந்தலே திரும்பிப் பார்த்தது. வந்தவர்களில் ஒருவரும் குடித்தவரில்லை, தம்பி. குடிக்காதவர்கள் கூடி, குடிக்காதவர்களுக்கே புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் வழியில் சந்தைப்பேட்டை வந்ததும், "நீ முன்னால நட, நான் வாரேன்" என்று சாராயக்கடைக்குள் நுழைந்துவிட்டார். நான் வெளியே வெயிலில் நின்றேன். அங்கே நின்றபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. காலையில் குடிகாரனுக்கு என்ன கஷ்டம்? அவனுக்கு வேளை அந்திதான். நீயும் அந்தியைத்தானே கேட்டாய்?

அடுத்து, நம் பக்கத்து ஊர் பஜனை. புரட்டாசிச் சனிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஆரம்பிப்பார்கள். வேளை சரி என்று மகிழ்ந்து போனேன். பாட்டும் நன்றாக இருந்தது. உன் அத்தானுக்குக் கொஞ்சம் தாளம் வரும், உனக்குத் தெரியும். ஜால்ராவைக் கையில் கொடுத்தார்கள். முகத்தில் களை வந்தது. முடிந்ததும் பாகவதர், "சாமி சன்னதியில சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க, இனி ஆயுசுக்கும் தொடமாட்டேன்னு" என்றார். இவரும் எரிகிற சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். நான் கோயில் வாசலிலேயே விழுந்து கும்பிட்டேன்.

சனிக்கிழமை போய் ஞாயிறு வந்தது. திங்கள், செவ்வாய். பஜனைக்கு அடுத்த சனிக்கிழமைதான். நடுவில் இருக்கும் அந்திகளுக்கு யார் பொறுப்பு? வியாழக்கிழமை குடித்துவிட்டார். இதற்குமுன் குடித்தால் காலையில் வெட்கப்படுவார், அவ்வளவுதான். இப்போது பயந்தார். "சூடத்த அணைச்சிட்டுக் குடிச்சவன் கண்ணு அவிஞ்சு போகும்டி. நான்தான் கெட்டவன்னு ஆயிருச்சே, இனி குடிச்சா என்ன, குடிக்காட்டி என்ன" என்று அந்தப் பயத்துக்கும் சேர்த்துக் குடித்தார். நம் ஊர்க் கோயில் தெரு வழியாகக்கூடப் போகாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு போனார். ஆயுசுக்கும் என்று ஒரு மனுஷனிடம் எப்படிச் சத்தியம் வாங்குவது? அடுத்த வேளைச் சோறே நம் கையில் இல்லாத சண்டைக்காலம் இது.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்கள். உன் அத்தான் ஆடியும் கறக்காத, பாடியும் கறக்காத மாடாக இருந்தார். நானும் விடுவதாக இல்லை.

ஐப்பசியில் கண்மாய்க்கு அந்தப் பக்கத்து ஊரில் கடலை பறிக்கக் கூலிக்குப் போனேன். செடியைப் பிடுங்கிப் போட்டால் நாங்கள் உட்கார்ந்து காயை ஆய வேண்டும். பிடுங்கிய ஆண்களில் இரண்டு பேருடைய வலது மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டியிருந்தது. அம்மன் திருவிழா என்றால் காப்புக் கட்டுவார்கள். அது பங்குனியில். ஐப்பசியில் எந்த ஊரில் காப்பு? பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டேன். அவள் பெயர் மீனாட்சி.

"ஏன்டி, எந்த ஆத்தாளுக்குக் காப்புக் கட்டியிருக்கு?"

"ஆத்தாளுக்கு இல்லக்கா. குடிக்கு" என்றாள். "என் வீட்டுக்காரரு கையிலயுந்தான் கட்டியிருக்காரு. அந்தியில மடைக்கிட்ட கூடுவாங்க. குடிச்சவங்க மட்டுந்தான். வெள்ளைச்சாமின்னு ஒரு கெணறு வெட்டுறவரு ஆரம்பிச்சது."

கையிலிருந்த செடியைப் போட்டுவிட்டு அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன். முழுவதையும் கேட்டு முடிக்கும்வரை ஒரு காய்கூட நான் ஆயவில்லை.

உனக்கே தெரியும், நம் ஊரிலும் அப்படித்தானே? அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊர் ஆண்கள் ஒருவரும் குடிக்கமாட்டார்கள், எல்லை தாண்டி இராத் தங்கமாட்டார்கள். கள்ளுக்கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். நீயும்தான் கையில் நூல் இருக்கிறவரை பச்சைப்பிள்ளை மாதிரி இருப்பாய். காப்பை அவிழ்த்த அன்று சேர்த்துவைத்துக் குடிப்பாய். வெள்ளைச்சாமி அதைப் பிடித்துக்கொண்டார். அவர் ஒன்றும் மகான் இல்லை. சிடுமூஞ்சி. குடித்துவிட்டுக் கிணற்றுக்குள் விழுந்து இடுப்பு ஒடிந்தவர். "நூலு இருந்தா நம்மளால முடியுதுல்ல? அப்ப நூல அவுக்காம இருந்தா என்ன?" என்று கேட்டாராம். அவ்வளவுதான் அவருடைய உபதேசம்.

ஆனால் கட்டின நூல் கையில் கிடந்தால் பழகிப்போய் மறந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு அந்தியும் புதிதாகக் கட்டுவார்கள். புதியதைக் கட்டிய பிறகுதான் பழையதை அறுப்பது. நடுவில் ஒரு மூச்சு நேரம்கூடக் கை வெறுமையாக இருக்கக்கூடாது. தனக்குத்தானே கட்டிக்கொள்ளக் கூடாது. குடித்துப் பார்த்த இன்னொருவர்தான் கட்ட வேண்டும். எந்தத் தெருக்காரன் கை என்று பார்க்கக்கூடாது. ஆயுசுக்கும் என்று சொல்லக்கூடாது. "நாளை அந்திவரைக்கும்" என்று மட்டும் சொல்லிக் கட்டுவார்கள். பூசாரி ஒருவர் வந்து, "ஆத்தா காப்ப வெளையாட்டாக்குறீங்களா" என்று சண்டை போட்டிருக்கிறார். "இதுல வேப்பிலையும் இல்ல, மஞ்சக் கெழங்கும் இல்ல, சாமி. இது வெறும் நூலு. ஆத்தா பேர நாங்க இழுக்கல" என்று வெள்ளைச்சாமி சொல்லி அனுப்பிவிட்டாராம்.

அன்றைக்கே உன் அத்தானை அழைத்துப் போனேன். வரமாட்டேன் என்றார். "கை தூக்கச் சொல்லமாட்டாங்க, சூடமும் இல்ல. புடிக்கலைன்னா அப்படியே கடைக்குப் போங்க, நான் தடுக்கல" என்றேன். அந்தக் கடைசி வார்த்தையை நம்பித்தான் வந்தார்.

கண்மாய்க் கரையிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். "பொம்பளைங்க முன்னாடி நாங்க பொய் சொல்லுவோம்த்தா, நீங்க அங்கிட்டு இருங்க" என்றார் வெள்ளைச்சாமி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரையில் உட்கார்ந்தபடி பார்த்தேன். மடைப் பக்கம் பனைமரங்கள். பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்பார்களே, அதைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நடுவில் ஒரு சட்டி. அவித்த கடலையில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் குலுக்கி வைத்திருந்தார்கள். கடை நேரத்துக்கு நாக்கு காரம் கேட்குமாம். உரித்துக்கொண்டே ஒவ்வொருவராகப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நடுநடுவே சிரிப்புச் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தவர் கையில் நூல் இருந்தது. ஆனால் அது கோணல்மாணலாக இருந்தது. எனக்குச் சந்தேகம். "யாரு கட்டுனா?" என்று கேட்டேன்.

"நான்தான் பல்லால கடிச்சு முடிச்சுப் போட்டுக்கிட்டேன். கட்ட வந்தவன் அந்தக் கீழத்தெருப் பய. அவன் கையால நான் கட்டிக்கிறதா?"

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதே. "கடையில ஒரே மொந்தைய மாத்தி மாத்திக் குடிக்கையில தெரு தெரியல, நூலு கட்டுறப்பத்தான் தெரியுதா?" என்று கேட்டேன். அந்த முடிச்சு மறுநாள் மாட்டுக்குப் புல் அறுக்கும்போதே அவிழ்ந்து விழுந்துவிட்டது. அந்தி வந்தது. வெறும் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, நான் ஒரு வார்த்தை சொல்லாமலே, கண்மாய்க் கரைப் பக்கம் திரும்பி நடந்தார். அன்று அந்தக் கீழத்தெருக்காரரிடமே கையை நீட்டியிருக்கிறார். அவர்தான் மீனாட்சியின் வீட்டுக்காரர்.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் தினமும் நடந்தோம், அவர் முன்னால், நான் பின்னால். ஊர் சும்மா இருக்குமா? "அடைக்கி புருஷன மேய்க்கக் கூட்டிக்கிட்டுப் போறா" என்றார்கள். போனால் போகட்டும், மேய்த்துவிட்டுப் போகிறேன். ஒரு தடவை டவுனில் கடலை விற்றுவிட்டு வந்த நாளில் குடித்துவிட்டார். மறுநாள் மடைக்குப் போய் எட்ட நின்றிருக்கிறார். திட்டுவார்கள் என்று நினைத்தாராம். வெள்ளைச்சாமி கடலைச் சட்டியைத் தள்ளிவைத்துவிட்டு, "கொஞ்சம் தள்ளி ஒக்காருங்கப்பா, ஆளு வருது" என்று மட்டும் சொன்னாராம்.

கார்த்திகை மழையில் கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியாகப் பாய்ந்தது. கரையில் பாதை அறுந்துவிட்டது. அந்தப் பக்கம் போக வழியில்லை. அன்று அந்தியில் உன் அத்தான் முற்றத்தில் இப்படியும் அப்படியும் நடந்தார். நூலைத் திருகினார். துண்டை எடுத்தார், வைத்தார். கடைசியில் என் முகத்தைப் பார்த்து, "இப்ப நான் எங்கிட்டுடி போறது?" என்றார்.

எனக்குக் காதில் நீ பேசியது போலிருந்தது, தம்பி.

நீ போனபிறகு பூட்டிய உன் கொட்டகைச் சாவியை எடுத்தேன். அதுவரை அதைத் திறக்கவே எனக்குத் தைரியம் வந்ததில்லை. திறந்தேன். வைக்கோல் மக்கிய வாடை. உன் வண்டி நுகம் சாய்ந்தபடி கிடந்தது. ஆணியில் உன் சாட்டை. விளக்கை ஏற்றி வைத்து, "இங்க ஒக்காருங்க. நான் கடலை அவிக்கிறேன்" என்றேன். "ஒத்த ஆளா ஒக்காந்து என்ன பண்றது, நூலு கட்டுறது யாரு?" என்று கேட்டார். அடுப்பை மூட்டினேன்.

கடலை அவிந்து இறக்குகிற நேரம். தொப்பலாக நனைந்த ஓர் ஆள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். வெள்ளைச்சாமி! கண்மாயைச் சுற்றி, ரோட்டு வழியாக நடந்து வந்திருக்கிறார். தலைப்பாகையை அவிழ்த்து, உள்ளே நனையாமல் சுருட்டி வைத்திருந்த நூலை எடுத்தார்.

"ஒருத்தன் இருந்தா அது கூட்டம் இல்ல. ரெண்டு பேரு ஒக்காந்துட்டாக் கூட்டந்தான். கைய நீட்டு" என்றார். கட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "காரம் கூடப் போடுத்தா" என்றார்.

இப்படித்தான் உன் கொட்டகையில் கூட்டம் ஆரம்பித்தது. நம் ஊரில் ஒருவர், அப்புறம் இன்னொருவர். தண்ணீர் வடிந்து பாதை வந்த பிறகும் இங்கேயே கூடினார்கள். கொட்டகை என்னுடையது என்பதால் என்னை வெளியே போ என்று சொல்ல முடியவில்லை. அடுப்படியில் இருந்துகொள்வேன், அவர்கள் பொய் சொன்னால் இருமுவேன். மடையில் ஒரு வழக்கம் உண்டு. மஞ்சள் தண்ணீரில் நூல் நனைக்கும்போது ஒன்று கூடுதலாக நனைப்பார்கள், இன்னும் வராதவனுக்கு என்று. இங்கே அதை உன் சாட்டை தொங்கிய ஆணியில் மாட்டினோம். மாட்டுவது என் வேலை. நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன். மாட்டும்போதெல்லாம் மனதுக்குள், "இந்தாடா முத்தையா" என்று சொல்வேன். மறுநாள் பழையதை எடுத்துவிட்டுப் புதியது மாட்டுவேன். அது உனக்குத்தான் என்று வைத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

தை பிறந்த பிறகு ஒரு நாள், எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது பேச்சு சட்டென்று நின்றது. தலையைத் தூக்கினேன். வாசலில் சோலை.

ஆள் பாதியாகிவிட்டான். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. படியை மிதிக்காமல் வெளியே மண்ணில் நின்றான். காலை வெட்டுவேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வெள்ளைச்சாமி அன்று வந்திருந்தார், அவரும் பார்த்தார். உன் அத்தான் மட்டும் கடலைத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையில் கரண்டியோடு எழுந்து போனேன். "எதுக்குடா வந்த? இது யாரு கொட்டகைன்னு தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அவனக் கூட்டிக்கிட்டுப் போனவன் நீதானே?"

"நான்தான். இல்லேங்கல" என்றான். "நான் சோந்து கெடந்தா அவன் வந்து என்னயக் கூட்டிக்கிட்டுப் போவான். அவன் வேணாம்னா நான் வந்து நிப்பேன். யாரு யாரக் கூட்டிக்கிட்டுப் போனோம்னு எங்களுக்கே தெரியாதுக்கா. இப்ப அவனும் இல்ல." நழுவிய வேட்டியை இழுத்துச் செருகினான். "அந்தி வந்தா எங்கிட்டுப் போறதுன்னு தெரியல. ஒங்க வாசல்ல நிக்கக்கூடாதுன்னு தெரியும். வேற எடந் தெரியல."

உன் கேள்வி, தம்பி. உன் வார்த்தை. அதை இவன் வாயிலா நான் கேட்க வேண்டும்? எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கரண்டியால் ஒன்று போட்டிருப்பேன். ஆனால் அன்று நீ கேட்டபோது, "வீட்டுல கெட" என்றேன். இவனிடமும் அதையே சொல்லி அனுப்பினால், இத்தனை நாள் நான் எதைத் தேடினேன்? யாருக்காகத் தேடினேன்?

உள்ளே போனேன். ஆணியில் இருந்த நூலைக் கழற்றினேன். உன்னிடமிருந்து பிடுங்கி அவனுக்குக் கொடுப்பது போலிருந்தது. "இது என் தம்பியோடது" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நான் குடித்துப் பார்த்தவள் இல்லை, அதனால் நான் கட்டக் கூடாது. உன் அத்தான் மடியில் அதைப் போட்டு, "கட்டுங்க" என்றேன்.

"உள்ள வாடா சோலை" என்றார் அவர்.

அவன் என்னைப் பார்த்தான். நான் படியிலிருந்து விலகி நின்றேன். உன் அத்தான் "நாளை அந்திவரைக்கும்" என்று சொல்லிக் கட்டினார். அந்த மணிக்கட்டுக்கு நூல் இரண்டு சுற்று வந்தது. கடலைச் சட்டியை அவன் முன்னால் வைத்தேன், கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தேன். அவன் ஒன்றை உரித்து வாயில் போட்டுவிட்டு அழுதான். "காரமா இருக்குக்கா" என்றான். பொய். அன்றைக்குக் காரம் குறைவு.

அவனை மன்னித்துவிட்டாயா என்று நீ கேட்பாய். தெரியவில்லை. சில நாள் அவன் முகத்தைப் பார்த்தாலே ஆத்திரம் வருகிறது. அதனால் என்ன? உட்கார இடம் கொடுக்க மன்னிப்பு எதற்கு? அவன் அதற்குப் பிறகும் விழுந்தான். விழுந்த மறுநாள் வந்தான். இப்போது கடலை அவிப்பது அவன்தான், உப்பு போடத் தெரியாத பயல். உன் நுகத்துக்கு எண்ணெய் தேய்த்து வைத்திருக்கிறான். நான் சொல்லவில்லை.

சோலை வந்த அன்று எல்லாரும் போனபிறகு ஆணி வெறுமையாக இருந்தது. நூல்கண்டை எடுத்து, இன்னொன்று நனைத்து மாட்டினேன். "இந்தாடா முத்தையா" என்று சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை. யாருக்கு என்று தெரியாமலே மாட்டினேன். உனக்கு வருத்தமா? வருத்தப்படாதே. நீ வண்டியில் வழிப்போக்கர்களை ஏற்றிக்கொண்டு வருவாயே, யார் எவர் என்று கேட்டா ஏற்றினாய்?

நாளை மறுநாள் இதைப் படிக்கும்போது சோலை முன்னால் உட்கார்ந்திருப்பான். அவனைப் பற்றி எழுதிய இடத்தை நான் விழுங்கமாட்டேன், அவன் முகத்தைப் பார்த்தே படிப்பேன். உன் அத்தான் பக்கத்தில் இருப்பார், கையில் அன்றைய நூலோடு. அதற்கு அடுத்த நாளைப் பற்றி எனக்குத் தெரியாது. அடுத்த நாள் அந்தியில் பார்த்துக்கொள்கிறோம்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், இது சத்தியம் இல்லை, சூடமும் இல்லை, அக்காவின் வாக்கு. பொழுது இறங்கும்போது உன் கொட்டகை திறந்திருக்கும். மழை பெய்தாலும், சாவு விழுந்தாலும், ஒரே ஓர் ஆள் வந்தாலும் திறந்திருக்கும். எனக்குப் பிறகு திறப்பதற்கு ஆள் சொல்லிவைத்துவிட்டுத்தான் உன்னிடம் வருவேன். ஆணியில் ஒரு நூல் எப்போதும் நனைந்து தொங்கும். அன்று வாசலில் குறுக்கே நின்றேனே, இனி நிற்கமாட்டேன். எங்கிட்டுப் போறதுன்னு கேட்டாயே, முத்தையா.

இங்கிட்டு வாடா.

இப்படிக்கு,
உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த உன் அக்கா,
அடைக்கி